திண்ணை இல்லாத வீட்டுப் பிள்ளைகள்

1822-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ தம் கலெக்டர்களிடம் ஒரு கணக்குக் கேட்டார். மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ளன, அவற்றில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதே கேள்வி. பதில்கள் வந்து சேர ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பின்படி ஒரு கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. 1,88,650 பிள்ளைகள் படித்தார்கள். அந்தக் குறிப்பில் கவனிக்க வேண்டிய இன்னொரு எண்ணும் இருக்கிறது. சென்னை நகரத்தில் மட்டும் 26,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிப்பதாக அந்நகரக் கலெக்டர் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் படித்தவர்களைப் போல இது ஐந்து மடங்குக்கும் மேல். மன்றோவால் இதை அப்படியே நம்ப முடியவில்லை. எண்ணில் பிழை இருக்கலாம் என்றார். ஆனாலும் வீட்டில் தகப்பனோ உறவினரோ பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எங்கும் உண்டு என்பதால் அதை ஒதுக்கிவிடவும் இல்லை. அதையும் சேர்த்துக்கொண்டுதான், படிக்கும் வயதுள்ள ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு வகையில் கல்வி பெறுகிறார்கள் என்ற மதிப்புக்கு வந்தார். தமிழ்நாட்டில் பிள்ளைகளின் கல்வி பற்றிய நவீன விவாதம் தொடங்கிய இடத்திலேயே வீடும் பள்ளியும் இப்படி ஒரே கணக்கில் நின்றன. அடுத்து வந்த எழுபது, எண்பது ஆண்டுகளில் தமிழ் இதழ்கள் இந்த இரண்டையும் மாறிமாறி எடைபோட்டன. பிள்ளையை வீடு வளர்க்க வேண்டுமா, பள்ளி வளர்க்க வேண்டுமா என்பது அவற்றுக்குப் பெரிய கேள்வி. அந்த விவாதம் முழுவதும், சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவரும், கேட்டுக்கொள்ள ஓய்ந்திருக்கும் பிள்ளையும் உள்ள வீட்டை மனத்தில் வைத்தே நடந்தது என்பது என் வாதம். அப்படிப்பட்ட வீடு இல்லாத பிள்ளைகளுக்கு அதில் இடம் இல்லை. அதே ஆண்டுகளில், இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள தேவிகுளம், சின்னக்கானல் மலைகளுக்கு ஏறிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களில் ஒரு பெரும் பகுதி.

விவாதத்தின் முதல் அத்தியாயம் யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டது. அமெரிக்க மிஷனரிகள் 1841 ஜனவரியில் தெல்லிப்பழையிலிருந்து உதயதாரகையைக் கொண்டுவந்தார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வந்த அந்த இதழ், கல்வியையும் அறிவியலையும் தன் முதற்பொருள்களாக அறிவித்துக்கொண்டது. அதன் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் தமிழர்கள். அவர்களுடைய பெயர்களே ஒரு கல்விமுறையின் சான்று. மிஷனின் விடுதிப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்களுடைய செலவை ஏற்ற அமெரிக்கர்களின் பெயரையோ அவர்கள் விரும்பிய பெயரையோ சூட்டுவது அன்று வழக்கம். 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியும் 1824-இல் தொடங்கிய உடுவில் பெண்கள் பள்ளியும் ஒரே நம்பிக்கையில் எழுந்தவை: பிள்ளையை வீட்டின் பிடியிலிருந்து விலக்கி விடுதியில் வைத்தால்தான் புது மனிதனாக வளர்க்க முடியும் என்ற நம்பிக்கை. இதற்கு எதிர்வினையாக 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், மிஷன் பள்ளியின் கருவிகளையே கையில் எடுத்தார். வகுப்புப் பிரிவு, அச்சிட்ட பாடநூல், படிப்படியாக ஏறும் பாலபாடம் ஆகிய எல்லாம் அவரிடம் உண்டு. பள்ளியையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வீட்டின் சமயமும் ஒழுக்கமும் பள்ளிக்குள்ளும் தொடர வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. பிள்ளை யாருக்கு உரியது என்ற இந்தப் போட்டியில் இரு தரப்பும் ஓர் இடத்தில் ஒத்துப்போயின. பிள்ளைக்கு ஒரு வீடு இருக்கிறது, அதற்கென்று ஒரு மரபு இருக்கிறது, அதிலிருந்து விலக்குவதோ அதைக் காப்பதோதான் கல்வியின் வேலை என்று இரண்டுமே எடுத்துக்கொண்டன.

சென்னையில் வாதத்தின் தொனி மாறியது. 1855-இல் பீட்டர் பெர்சிவல் தொடங்கி, பின்னர் சி.வை. தாமோதரம் பிள்ளை ஆசிரியராக இருந்த தினவர்த்தமானி, 1870-களில் பாடநூல் சங்கத்தின் ஆதரவில் வந்த ஜனவிநோதினி, 1892-இல் சி.வி. சுவாமிநாதய்யர் தொடங்கிய விவேக சிந்தாமணி ஆகியவை கல்வியைச் சமயப் போராகப் பார்க்கவில்லை. குடும்பச் சீர்திருத்தமாகப் பார்த்தன. படம் போட்ட இயற்கைப் பாடங்கள், பெரியோர் வரலாறுகள், நீதிக்கதைகள் ஆகியவற்றை ஜனவிநோதினி மாதந்தோறும் வீட்டுக்கே கொண்டுவந்தது. பள்ளியில் தொடங்கிய படிப்பு வீட்டில் தொடர வேண்டும், அதற்குத் தாயும் படித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தக் காலத்தில்தான் வலுப்பெற்றது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண்கல்விக்காக எழுதியவையும் இதே சூழலில் பிறந்தவை. அவருடைய வாதங்களில் நேர்மையும் துணிவும் இருந்தன. அக்காலத்துக்கு அவை மிகவும் முன்னேறியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் மனத்தில் இருந்த வீடு எது என்று பார்க்க, 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் தொடக்கப் பகுதியைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. செல்வக் குடும்பத்துப் பையனான பிரதாபனுக்கு வீட்டிலேயே உபாத்தியாயர் வைக்கிறார்கள். அவனை அடிக்கக் கூடாது. அவனோடு உட்கார்ந்து படிக்கும் கனகசபை என்ற ஏழைப் பையன் இருக்கிறான்; பிரதாபன் பாடம் ஒப்பிக்காவிட்டால் அடி கனகசபைக்கு விழுகிறது. வேதநாயகம் பிள்ளை இதை நகைச்சுவையாகச் சொன்னாலும் நோக்கம் தீவிரமானது. செல்லம் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கும் வீட்டைக் கண்டிக்கிறார். நல்ல தாய், நல்ல ஆசிரியர், நல்ல தோழமை இவற்றால் பிள்ளை திருந்துவதைக் காட்டுகிறார். கண்டிப்பு முழுவதும் பிரதாபனின் வீட்டின் மேல்தான். அடி வாங்கியவனின் படிப்பு என்ன ஆக வேண்டும் என்ற கேள்வியைக் கதை அவன் நிலையிலிருந்து எழுப்புவதில்லை. அவனும் உண்மையில் ஒரு செல்வரின் மகன்தான் என்று பின்னால் தெரியவருவதோடு அவன் வறுமை தீர்ந்துவிடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளையாகவே அவன் படித்து மேலே வர, அன்றைய கல்விச் சிந்தனையில் பாதை இல்லை. நாவலின் குறையாக மட்டும் இதை நான் சொல்லவில்லை. அக்கால இதழ்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான எல்லை அது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும்; இரண்டும் எளிதாகத் தள்ளக்கூடியவை அல்ல. முதலாவது, திண்ணைப் பள்ளிக்கூடம் பற்றியது. மன்றோ காலத்துக் கணக்குகளைத் தொகுத்து 1983-இல் நூலாக வெளியிட்ட தரம்பால், தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் பெரும்பான்மையாகப் படித்தவர்கள் பிராமணர்கள் அல்லர், சூத்திரர் என்று குறிக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளே என்று காட்டினார். ஆகவே பழைய கல்வி ஒரு சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பது தவறு என்று வாதிடலாம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. விடியற்காலையில் தொடங்கும் வகுப்பு, மணலில் எழுத்து, எண்சுவடி மனப்பாடம், சட்டாம்பிள்ளையின் மேற்பார்வை, ஆசிரியருக்கு நெல்லாகவும் காசாகவும் கூலி என்று நடந்த அந்தப் பள்ளிகள் உழவர், வணிகர், கைவினைஞர் பிள்ளைகளுக்குக் கணக்கும் எழுத்தும் தந்தன. சர்க்கார் மானியமும் இன்ஸ்பெக்டரும் வந்த பிறகு பெருகிய பள்ளிகளைவிட அவை ஊரோடு இயைந்திருந்தன என்பதும் சரி. ஆனால் அதே கணக்குகளில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஊர்த் திண்ணையில் ஏறி உட்கார முடியாது என்பது அக்காலச் சமூக நடைமுறை. அதை எந்தக் கணக்கும் மாற்றிக் காட்டவில்லை. அந்தப் பள்ளிக்குத் திண்ணை வேண்டும். திண்ணைக்கு ஒரு வீடும், அந்த வீட்டு வாசலுக்கு வரும் உரிமையும் வேண்டும். பழைய பள்ளி பரவலாக இருந்தது என்பதும், ஒரு பகுதியினரை முழுவதுமாக வெளியே நிறுத்தியது என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் செய்திகள் அல்ல.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமானது. இதழ் தன் வாசகரோடுதான் பேச முடியும். எழுத்தறியாத கூலிக் குடும்பத்திடம் அது எப்படிப் பேசும் என்று கேட்கலாம். போலந்து இதற்கு ஒரு பதில் தருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூன்று பேரரசுகள் பங்கிட்டுக்கொண்ட அந்த நாட்டில், 1863 கிளர்ச்சி தோற்ற பிறகு ரஷ்யப் பகுதிப் பள்ளிகளில் போலிஷ் மொழி படிப்படியாக விரட்டப்பட்டது. 1865-இல் வார்சாவில் தொடங்கிய பெண்களுக்கான வார இதழான ப்ளுஷ்ச் போன்றவை தாயின் கடமை, வீட்டுக் கல்வி பற்றி எழுதியபோது அதற்கு நம் இதழ்களில் இல்லாத ஒரு பொருள் இருந்தது. பள்ளி அந்நியர் கையில் இருக்கையில் பிள்ளைக்கு மொழியையும் வரலாற்றையும் காப்பாற்றித் தரக்கூடிய இடம் வீடு ஒன்றே. அங்கும் அந்த வீடு பெரும்பாலும் நிலவுடைமையாளர் வீடாகவோ நகர நடுத்தர வீடாகவோ இருந்தது. ஆனால் கோன்ராத் ப்ருஷின்ஸ்கி என்பவர் அந்த எல்லையை ஏற்கவில்லை. 1875-இல் குடியானவர்கள் ஆசிரியர் இல்லாமலே எழுத்துக் கற்கும்படி ஓர் அரிச்சுவடியை வெளியிட்டார்; 1881-இல் அவர்களுக்கென்றே ஒரு வாரப் பத்திரிகையையும் தொடங்கினார். முதலில் வாசகரை உண்டாக்கினார், பிறகு அவரோடு பேசினார். ஆகவே இதழ் தன் வாசகருக்குள் அடைபட்டுத்தான் ஆக வேண்டும் என்பது காலத்தின் விதி அல்ல. தமிழிலும் இது நடந்தது. ஆனால் ஜனவிநோதினியின் வழியில் நடக்கவில்லை. அதைப் பார்க்கும் முன் மலைக்குப் போக வேண்டும்.

பிரதாப முதலியார் சரித்திரம் அச்சான அதே 1879-இல் வட திருவிதாங்கூர் நில நடவு வேளாண்மைச் சங்கம் அமைந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞார் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளுக்கு உரிமை பெற்றிருந்தார். 1880-இல் பார்வதி எஸ்டேட்டில் முதல் தேயிலை நடப்பட்டது; 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. மன்றோ உரிமை பெற்ற அதே காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் தெற்கே கிராமங்களை வெறுமையாக்கியது. மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய குடும்பங்கள் போடிநாயக்கனூர் வழியாக மேலே ஏறின. போடிமெட்டு, பூப்பாறை, சின்னக்கானல், பெரியகானல், சூரியநெல்லி என்று இன்று தமிழ் ஒலிக்கும் மலைச்சரிவுகளின் மனித வரலாற்றில், ஏலக்காடும் தேயிலையும் அழைத்த இந்தக் குடியேற்றம் பெரும் பகுதி. முதுவர் போன்ற பழங்குடிகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கு வாழ்கிறார்கள். குடியேறியவர்களுக்குக் கிடைத்த வீடு லயம். ஒரு கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம். விடியும் முன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு. தாயும் தகப்பனும் காட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். மூத்த பிள்ளை இளையதைப் பார்த்துக்கொள்ளும், இல்லையென்றால் களை எடுக்கவும் பூச்சி பொறுக்கவும் அரைக்கூலிக்குப் போகும். வீட்டுக் கல்வி பற்றிச் சென்னை இதழ்கள் எழுதிய அறிவுரைகளில் இந்த லயத்தில் செயல்படுத்தக்கூடியது ஒன்றுகூட இல்லை. பெற்றோரின் அன்போ ஆசையோ குறைந்ததால் வந்த நிலை அல்ல அது. வீடு என்ற சொல்லுக்குள் அந்த இதழ்கள் சேர்த்திருந்த இரண்டு பொருள்கள், பிள்ளையோடு இருக்கும் நேரமும் பிள்ளைக்கென்று ஓரிடமும், தோட்டத்தின் வேலை அமைப்பால் பறிக்கப்பட்டிருந்தன. நேரத்தை வாங்கியவர் யாரோ, பிள்ளையின் படிப்புக்கும் அவரே பொறுப்பு என்ற எண்ணம் எழாதவரை இதற்குத் தீர்வு இல்லை.

அந்த எண்ணம் வேறு இதழ்களில் எழுந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய பறையன், அயோத்திதாசர் 1907 ஜூனில் தொடங்கி அடுத்த ஆண்டு தமிழன் என்று பெயர் சுருங்கிய ஒரு பைசாத் தமிழன் ஆகியவை கல்வியைக் குடும்பத்தின் ஒழுக்கமாகப் பேசவில்லை. சர்க்காரும் சமூகமும் கொடுக்க வேண்டிய கடனாகப் பேசின. இந்தக் கோரிக்கையின் வேர்களில் ஒன்று மலையில் இருக்கிறது என்பதை நாம் போதுமான அளவு நினைவில் வைக்கவில்லை. அயோத்திதாசர் இளமையில் நீலகிரியில் வாழ்ந்தவர். 1891 டிசம்பரில் அவர் நிறுவிய திராவிட மகாஜன சபை பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது அங்கேதான். அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் எழுப்பிய கோரிக்கைகளில் ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் அடங்கும். படிப்பையும் நிலத்தையும் ஒரே மூச்சில் கேட்டது தற்செயல் அல்ல. உழைப்பு இன்னொருவர் கையில் இருக்கும்வரை பிள்ளையின் நேரமும் அவர் கையில்தான் இருக்கும் என்ற அறிவு அதில் இருக்கிறது. 1893-இல் சென்னை அரசு இந்தப் பிள்ளைகளின் கல்விக்குத் தனிச் சலுகைகள் அறிவித்தது. 1894-இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கினார். மேற்கே திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-இலேயே ஆணையிட்டிருந்தும், ஒடுக்கப்பட்ட புலையர் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு மூடியே கிடந்தது. அதைத் திறக்கப் புலையர் தலைவர் அய்யன்காளி கையாண்ட வழி, 1907-08 வாக்கில் வயல் வேலையை நிறுத்தியது. பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் நாற்று நடப்படாது என்று கூலி வேலை செய்தவர்கள் உறுதியாக நின்றார்கள். ஏழைப் பெற்றோர் படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று அக்கால அதிகாரிகளும் பத்திரிகைகளும் சொல்லிவந்த குற்றச்சாட்டுக்கு இதைவிட முழுமையான மறுப்பு வேண்டியதில்லை. பிள்ளையின் படிப்புக்காகப் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள்.

தோட்டங்களைப் பொறுத்தவரை சட்டம் மெதுவாகத்தான் வந்தது. இலங்கையில் 1907-ஆம் ஆண்டின் கிராமப் பள்ளிகள் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. அதற்கு முன் இருந்தவை பெரும்பாலும் கங்காணியின் தயவில் லயத்து ஓரத்தில் நடந்த சிறு வகுப்புகள். இந்தியாவில் இதற்கு 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் முதலாளி கல்வி வசதி செய்ய வேண்டும் என்று மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது அது. தாய் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் வந்தது. காப்பகத்தையும் பள்ளியையும் ஒரே சட்டத்துக்குள் வைத்தது சரியான புரிதல். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வரை அதன் அக்காள் பள்ளிக்கு வர மாட்டாள். ஜனவிநோதினி காலத்து எழுத்தாளர் எவரும் கவனிக்காத இந்த எளிய உண்மை, தோட்டத்துத் தாய்மார் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. சட்டத்தின் போதாமையும் வெளிப்படையானது. பன்னிரண்டு வயதில் பொறுப்பு முடிந்துவிட்டது. அதற்குமேல் படிக்க மலைப்பாதையில் பல மைல் போக வேண்டும் என்ற நிலையில், ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடை தோளில் ஏறுவது தலைமுறைகளாகத் தொடர்ந்ததற்கு அந்த வரம்பும் ஒரு காரணம்.

சின்னக்கானலின் நிலையில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1956 மாநிலப் பிரிப்பில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்தன. அங்கிருந்த தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். அதே ஆண்டு அரசியலமைப்பில் சேர்ந்த 350 ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர முயலும்படி மாநிலங்களைப் பணிக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் நடப்பது இந்த ஏற்பாட்டோடு ஒத்துப்போகிறது. போலந்தின் நினைவு இங்கே தானாக வருகிறது: மொழியைக் காப்பது வீடு, அதைப் பிடுங்குவது பள்ளி என்ற சித்திரம். சிலர் சின்னக்கானலுக்கும் அதைப் பொருத்திப் பேச விரும்புவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1901-இல் பிரஷ்யப் பகுதியின் வ்ஷெஷ்னியா என்ற ஊரில் போலிஷ் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் சமயப் பாடம் படிக்க மறுத்து அடி வாங்கினார்கள். அவர்கள் எதிர்த்தது ஓர் ஆதிக்கப் பேரரசின் பள்ளியை. இடுக்கியில் மலையாளம் ஊர்மொழி, அலுவல் மொழி, அக்கம்பக்கத்து மனிதரின் மொழி. அதை நன்றாகப் படிப்பது தமிழ்ப் பிள்ளைக்கு இழப்பு அல்ல. படிக்காமல் விடுவதுதான் இழப்பு. அதே நேரம், முதல் எழுத்தைத் தாய்மொழியில் படிக்கும் உரிமையைத் தயவாகவோ, குடும்பத்தின் சொந்த விருப்பமாகவோ பார்ப்பதும் தவறு. வீட்டில் சொல்லிக்கொடுத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரி சொல்வாரானால், கொழுந்து எடுத்துவிட்டு இருட்டி வரும் தாயின் தலையில் பள்ளியின் வேலையையும் சுமத்துகிறார். 19-ஆம் நூற்றாண்டு இதழ்கள் செய்த அதே பிழை அது.

ஆகவே இந்த மலைகளின் கல்வி வரலாற்றை எழுத முற்படுகிறவர், பள்ளிகள் திறந்த ஆண்டுகளை வரிசைப்படுத்துவதோடு நிற்க முடியாது. பெரட்டு எத்தனை மணிக்கு, காப்பகம் எங்கே இருந்தது, தமிழ் ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது, ஐந்தாம் வகுப்புக்கு மேல் இருந்த பள்ளிக்கு எவ்வளவு தூரம், அங்கே போக வண்டி உண்டா என்ற கேள்விகளைக் கல்விக் கேள்விகளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். எஸ்டேட் ஆபீஸ்களின் செக்ரோல் புத்தகங்களில் கூலிக்கு நின்ற சிறுவர் பெயர்கள் இருக்கும். பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளிலும் பெயர்கள் இருக்கும். இந்த இரண்டு வகை ஏடுகளும் ஒரே பிள்ளைகளைப் பற்றியவை. அவற்றை அருகருகே வைத்துப் படிக்கும் வேலை இன்னும் பெருமளவு செய்யப்படாமல் இருக்கிறது. பழைய ஏடுகள் செல்லரித்துப் போவதற்குள் அதைச் செய்தாக வேண்டும்.